இழுத்தால் அருகே, தள்ளினால் தூரம்: பழைய ஜூம் லென்ஸுக்கு ஓர் அறிமுகம்

என் அக்காள் மகன் ஓசூரில் பாலிடெக்னிக் படிக்கிறான். போன மாங்காய்ப் பருவத்தில் கிருஷ்ணகிரிக்கு வந்திருந்தபோது என் கேமராவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனவன், ஐந்தே நிமிடத்தில் இறங்கி வந்துவிட்டான். “மாமா, கேமரா கெட்டுவிட்டது. பட்டனைப் பாதி அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் மங்கலாகவே தெரிகிறது” என்றான். முகத்தில் குற்றவாளிக் களை.

கேமரா கெடவில்லை. அதில் மாட்டியிருந்தது அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஜப்பானில் செய்யப்பட்ட 70–210 மி.மீ. ஜூம் லென்ஸ். அதற்குள் மோட்டார் இல்லை, சிப் இல்லை, மின்சாரம் போகிற வழியே இல்லை. கண்ணாடி, உலோகம், கொஞ்சம் கிரீஸ். அவ்வளவுதான். “இதில் ஆட்டோ எங்கே இருக்கிறது?” என்று லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தேடினான். அவன் இடது கையைப் பிடித்து லென்ஸின் ரப்பர் வளையத்தின் மேல் வைத்தேன்.

அன்று மாலை அவனுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் கேமரா இருந்து, தூரத்தை அருகே காட்டும் புது டெலிபோட்டோ லென்ஸின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இது பயன்படும். ஏற்கெனவே அலமாரி நிறைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

மலைக்கோட்டையும் மில்லிமீட்டரும்

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் சையத் பாஷா மலை தெரியும். 35 மி.மீ. வைத்துப் பார்த்தால் மலை ஒரு மூலையில் கிடக்கும். மீதி எல்லாம் தண்ணீர்த் தொட்டி, கேபிள் ஒயர், எதிர்வீட்டுத் துணிக்கொடி. 70-க்குப் போனால் மலை படத்தை நிரப்பத் தொடங்கும். 210-க்குப் போனால் மலையே காணாமல் போய், கோட்டைச் சுவரின் ஒரு துண்டும் அதன் இடுக்கில் முளைத்த செடியும்தான் மிஞ்சும். இந்த எண்தான் குவியத்தொலைவு. பள்ளி நாட்களில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்பீர்கள் அல்லவா? ஒளி ஒரே புள்ளியாகக் குவியும்போது கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே இருந்த தூரம்தான் அது. இந்த எண் மூன்று மடங்கானால் படத்தில் பொருளும் மூன்று மடங்கு பெரிதாகும். பார்வையின் அகலம் குறுகிக்கொண்டே போகும். ஃபிலிம் அளவுள்ள சென்சாரில் (ஃபிலிம் இருந்த இடத்தில் ஒளியைப் பதியும் தகடு அது) 70 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 34 டிகிரியைக் காட்டும். 210 மி.மீ. காட்டுவது 12 டிகிரிக்கும் சற்றுக் குறைவு.

நம்மில் பலரிடம் இருப்பது ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார். அது படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வதால் 70–210 லென்ஸ் ஏறக்குறைய 105–315 போல நடந்துகொள்ளும். கே.ஆர்.பி. அணைக்கரையில் நாரையைப் படம் எடுப்பவருக்கு இது லாபம். வீட்டுக்குள் எடுப்பவருக்கு நஷ்டம்: 35–70 லென்ஸை மாட்டிக்கொண்டு குழந்தையின் பிறந்தநாளை எடுக்கப் போனால், சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் கேக் மட்டும்தான் படத்தில் விழும்.

ஒரே குவியத்தொலைவில் நிற்கும் லென்ஸைப் பிரைம் என்பார்கள். குவியத்தொலைவை மாற்றிக்கொள்ள முடிந்தால் அது ஜூம். மாற்றுவது சுலபமான காரியமல்ல. உள்ளே இருக்கும் கண்ணாடிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரு குழு நகர்ந்து உருவத்தைப் பெரிதாக்கும்போது இன்னொரு குழு அதற்கு ஈடுகொடுத்து நகர்ந்து ஃபோகஸ் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரகாட்டக்காரர் இடுப்பை எப்படி வளைத்தாலும் கழுத்து எதிர்ப்பக்கம் சாய்ந்து குடத்தை நேராக நிறுத்துகிறதே, அந்த வேலைதான். 35 மி.மீ. அகல ஃபிலிம் போடும் ஸ்டில் கேமராவுக்கென்று விற்பனைக்கு வந்த முதல் ஜூம், 1959-இல் ஃபோக்ட்லண்டர் நிறுவனத்தின் ஜூமார். அது 36-இலிருந்து 82 மி.மீ. வரை போனது. 1963-இல் நிக்கான் 43–86 மி.மீ. ஜூமைக் கொண்டுவந்தது, ஏராளமாக விற்றது, கூடவே படம் சுமார் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டது. ஜூம் என்றாலே இரண்டாந்தரம் என்கிற எண்ணம் அந்தக் காலத்தில் ஊன்றியதுதான். ஒளிக்கதிர்கள் போகும் பாதையைக் கணினி கொண்டு கணக்கிடத் தொடங்கியபின், 1970-களில் நிலைமை மாறியது. எண்ணம் மட்டும் மாறவில்லை. அதனால் இன்று நமக்கு லாபம்.

ஏன் இவ்வளவு மலிவு?

என் லென்ஸுக்கு நான் கொடுத்தது 2,800 ரூபாய். ஸ்டுடியோவை மூடிவிட்டு மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ளப் போன ஒரு பெரியவரிடம் வாங்கினேன். அதையும் அவர் தயங்கித்தான் வாங்கிக்கொண்டார். “இதை யாரப்பா இப்போது மாட்டுகிறார்கள்?” என்று இரண்டு முறை கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் விலையின் ரகசியம் இருக்கிறது. 1985-இல் மினோல்ட்டா 7000 என்ற கேமரா வந்தது. ஃபோகஸ் செய்யும் மோட்டாரை உடம்புக்குள்ளேயே வைத்து வெற்றிகரமாக விற்ற முதல் எஸ்எல்ஆர் அது. லென்ஸ் காட்டுவதையே உள்ளே ஒரு முகக்கண்ணாடி வைத்து நம் கண்ணுக்குத் திருப்பிவிடும் கேமராதான் எஸ்எல்ஆர். அதற்காக மினோல்ட்டா தன் பழைய மவுண்டைக் கைவிட்டது. 1987-இல் கேனான் இஓஎஸ் வரிசையைத் தொடங்கி, தன் எஃப்டி மவுண்டைக் கைகழுவியது. மவுண்ட் என்பது லென்ஸும் கேமராவும் கோத்துக்கொள்ளும் பல் அமைப்பு. அது மாறினால் பழைய லென்ஸ் புதுக் கேமராவில் ஏறாது. ஆக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான லென்ஸ்கள் கெடாமலேயே அனாதையாகிவிட்டன.

பிற்பாடு அந்த முகக்கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்து, எந்தப் பழைய லென்ஸையும் மாட்டலாம் என்று ஆனபோது சேகரிப்பாளர்கள் ஓடியது பிரைம் லென்ஸ்களைத் தேடித்தான். 50 மி.மீ. எஃப் 1.4 போன்ற அகலத் துளை லென்ஸ்கள் இருட்டிலும் எடுக்கும், பின்னணியை வெண்ணெயாகக் கரைக்கும். அவற்றின் விலை ஏறியது. கனமான, ஒளி புகும் துளை சிறுத்த ஜூம்களை யாரும் சீண்டவில்லை. போதாக்குறைக்கு 1970, 80-களில் வெளிநாடுகளில் கேமரா வாங்கியவர்கள் இரண்டாவது லென்ஸாகப் பெரும்பாலும் 70–210 அல்லது 80–200 ஒன்றை வாங்கியிருந்தார்கள். சரக்கு மிகுதி, கிராக்கி குறைவு. ராயக்கோட்டையில் தக்காளி விலை எப்படி விழும் என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மலிவானவற்றுக்குள் சில வேடிக்கைகளும் உண்டு. விவிட்டார் என்ற அமெரிக்க நிறுவனம் தானே லென்ஸ் செய்ததில்லை. ஜப்பானியத் தொழிற்சாலைகளிடம் செய்து வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்றது. லென்ஸில் பொறித்த வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 22 என்றால் கிரோன் லென்ஸ்களைச் செய்த கீனோ, 28 என்றால் கோமினே, 37 என்றால் டோக்கினா. என்னுடையது விவிட்டாரின் சீரிஸ் 1 வரிசை லென்ஸ், அதில் 37. இன்னொரு கதை இதைவிடச் சுவையானது. ஜெர்மனியின் லைக்காவும் மினோல்ட்டாவும் 1972 முதல் கூட்டு வைத்திருந்தன. லைக்கா ஆர் கேமராக்களுக்கு வந்த 35–70 மி.மீ. எஃப் 3.5 ஜூமைச் செய்துகொடுத்தது மினோல்ட்டாதான். மினோல்ட்டா பெயரிலேயே வந்த அதன் உடன்பிறப்பும் சந்தையில் கிடைக்கிறது. லைக்கா என்று எழுதியிருந்தால் ஒரு விலை, மினோல்ட்டா என்று எழுதியிருந்தால் வேறு விலை.

கையில் எடுத்தால்

இன்றைய ஜூமில் ஒரு வளையம் ஜூமுக்கு, இன்னொன்று ஃபோகஸுக்கு. பழைய டெலிபோட்டோ ஜூம்கள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே வளையம்தான். உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் சுற்றிய ஒரு பெரிய உருளை. அதைத் திருகினால் ஃபோகஸ். முன்னும் பின்னும் நகர்த்தினால் ஜூம். பெரும்பாலானவற்றில் நம் பக்கம் இழுத்தால் காட்சி அருகே வரும், தள்ளினால் விலகும். நேர்மாறாக வேலை செய்பவையும் சில உண்டு. கையை எடுக்காமலேயே இரண்டையும் செய்யலாம் என்பதுதான் இதன் அழகு. முதல் நாள் கை குழம்பும். ஒரு வாரத்தில் எண்ணைப் பார்க்காமலேயே “இது நூறு, இது நூற்றைம்பது” என்று மணிக்கட்டுக்குத் தெரிந்துவிடும். பட்டனை அழுத்திப் பழகியவருக்கு எத்தனை ஆண்டானாலும் வராத அறிவு இது என்பது என் எண்ணம். நிக்கானின் பழைய 80–200 போன்றவற்றில் வளையத்தை முன்னே தள்ளினால் உருளையின் மேல் வளைந்து விரியும் வண்ணக் கோடுகள் தெரியும். எந்தத் துளையில், எந்த ஜூமில், எவ்வளவு ஆழத்துக்குப் படம் கூர்மையாக இருக்கும் என்று காட்டும் வரைபடம் அது. லென்ஸின் மேலேயே பாடப்புத்தகம்.

துளை என்றதும் எஃப் எண்ணைச் சொல்லிவிடுகிறேன். குவியத்தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது, ஒளி அதிகம். என் லென்ஸ் 210 மி.மீ.-இலும் எஃப் 3.5 தருகிறது. 210-ஐ 3.5-ஆல் வகுத்தால் 60. அதாவது முன்னாலிருந்து பார்த்தால் 60 மி.மீ. அகலத்துக்குத் துளை தெரிய வேண்டும். முன்புறம் திருகி மாட்டும் ஃபில்டரின் அளவு 62 மி.மீ. கணக்கு எப்படி நெருங்கி உட்காருகிறது பாருங்கள். எடை ஏன் இவ்வளவு என்பதற்கும் இதுவே விடை. அகலமான கண்ணாடி கனக்கத்தான் செய்யும்.

கேமராவோடு கொடுக்கும் சாதாரணக் கிட் லென்ஸில் எஃப் 3.5–5.6 என்று எழுதியிருக்கும். ஜூமை இழுக்க இழுக்கத் துளை ஒப்பீட்டில் சுருங்கி வெளிச்சம் குறையும் என்று பொருள். பழைய ஜூம்களில் பல, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே எஃப் எண்ணில் நிற்கும். கைமுறையாக ஒளியை அமைத்துப் பழகுகிறவருக்கு இது பெரிய வசதி. ஜூம் செய்யும்போதெல்லாம் ஷட்டர் வேகத்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அதேபோல ஜூம் செய்தாலும் ஃபோகஸ் நகராத தன்மை. முழுக்க இழுத்து, பெரிதாகத் தெரியும் கண்ணிலோ மூக்குத்தியிலோ ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு தள்ளித் தேவையான அகலத்துக்கு வரலாம். பழைய ஜூம்களில் பெரும்பாலானவற்றிடம் இதை எதிர்பார்க்கலாம். ஆனால் பழைய லென்ஸைப் புதுக் கேமராவோடு இணைக்கும் அடாப்டரின் கனம் துல்லியமாக இல்லாவிட்டால் இந்தத் தந்திரம் கெட்டுப்போகும்.

குறைகளை மறைப்பது சரியல்ல. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஜூமில் இப்படிப்பட்ட பரப்புகள் இருபதுக்கு மேல்கூட இருக்கும். பூச்சே இல்லாவிட்டால் இருபது பரப்பைத் தாண்டி வருவதற்குள் பாதிக்கு மேல் ஒளி போய்விடும். பூச்சு இருப்பதால்தான் இத்தனை கண்ணாடி வைத்த ஜூம் நடைமுறைக்கு உதவுகிறது. 1970-களின் பூச்சு இன்றைய பூச்சு அல்ல. திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தின் மேல் ஒரு வெள்ளைத் திரையாகப் படியும். வெயிலுக்கு எதிராகப் பிடித்தால் கறுப்பு சாம்பலாகும். பளிச்சென்ற வானத்துக்கு எதிரே இருக்கும் கிளைகளின் விளிம்பில் ஊதாக் கோடு விழும். முழுத் துளையில், முழு ஜூமில் படம் சற்று வழவழவென்று இருக்கும். எஃப் 8-க்கு வந்தால் தெளியும். சிலர் இதையெல்லாம் ‘பழைய லென்ஸின் மாயம்’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. குறையைக் குறை என்று தெரிந்துகொண்டு, மழை மேகம் மூடிய நாளில் முகங்களை எடுக்க அதைப் பயன்படுத்திக்கொண்டால் போதும்.

28–200 போல நீண்ட வீச்சு சொல்லும் பழைய ஜூம்கள் மலிவாகக் கிடைத்தாலும் எனக்கு அவற்றில் ஆசை இல்லை. அகலக் கோணத்துக்குக் கிட் லென்ஸே மேல். பழையதில் வாங்கத் தகுந்தவை 70–210, 80–200, 75–150, 35–70, 35–105 ஆகியவை. உடம்பில் மேக்ரோ என்று எழுதியிருந்தால் பூச்சியின் கண் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். பலவற்றில் பூவை நன்றாக எடுக்கலாம், அவ்வளவே.

நடுவில் ஒரு வெற்றுக் குழாய்

ஒவ்வொரு மவுண்டிலும் லென்ஸ் உட்காரும் உலோக வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே மாறாத தூரம் ஒன்று உண்டு. பழைய நிக்கானில் 46.5 மி.மீ.; பென்டாக்ஸிலும் திருகு மவுண்டான எம்42-இலும் 45.46; மினோல்ட்டாவில் 43.5; கேனான் எஃப்டியில் 42. மிரர்லெஸ் கேமராவில் சோனிக்கு 18, ஃபுஜிக்கு 17.7, கேனான் ஆர்எஃப்-க்கு 20, நிக்கான் இசட்டுக்கு 16. மினோல்ட்டா லென்ஸைச் சோனியில் மாட்ட வேண்டுமா? 43.5-இல் 18 போக 25.5. அந்த நீளத்துக்கு ஒரு குழாய் வேண்டும். அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே கண்ணாடி இல்லை, படத்தின் தரத்தை அது கெடுக்காது. குழாய் கொஞ்சம் நீண்டுவிட்டால் மட்டும் தூரத்து மலை ஃபோகஸுக்குள் வரவே வராது. அதனால் புது அடாப்டர் வந்ததும் நான் முதலில் செய்வது மொட்டைமாடிக்குப் போய் மலைக்கோட்டையைப் பார்ப்பது.

முகக்கண்ணாடி வைத்த பழைய பாணி டிஜிட்டல் எஸ்எல்ஆர், அதாவது டிஎஸ்எல்ஆர், வைத்திருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். கேனான் டிஎஸ்எல்ஆரின் தூரம் 44 மி.மீ. நிக்கான், எம்42 லென்ஸ்கள் மெல்லிய வளையத்தோடு அதில் ஏறும். மினோல்ட்டாவும் எஃப்டியும் ஏறாது, உள்ளே லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் படம் கெடும். நிக்கான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நிக்கான் மவுண்டில் வந்ததை மட்டும் தேடுங்கள். விவிட்டார், டாம்ரான், டோக்கினா எல்லாருமே அந்த மவுண்டில் செய்திருக்கிறார்கள். 1977-இல் நிக்கான் மவுண்டில் ஒரு திருத்தம் வந்தது. அதற்கு முந்தைய லென்ஸ் சில கேமராக்களின் உறுப்பை உடைத்துவிடலாம் என்பதால் தெரிந்தவரிடம் காட்டாமல் மாட்ட வேண்டாம். டி3500, டி5600 போன்ற சிறிய உடம்புகளில் லென்ஸ் ஏறும், ஒளிமானி மட்டும் பேசாது. ஒரு படம் எடுத்துத் திரையைப் பார்த்து ஷட்டரைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மிரர்லெஸ் கேமராவின் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் படம் எடு’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும். அதை இயக்காவிட்டால் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் கேமரா ஊமையாகவே நிற்கும். ‘ஃபோகஸ் பீக்கிங்’ என்பதையும் இயக்குங்கள். கூர்மையான விளிம்புகளில் சிவப்போ மஞ்சளோ நெளியும். அது தோராயம்தான். உறுதி செய்ய, காட்சியைப் பெரிதாக்கும் பட்டனை அழுத்திப் பாருங்கள். கேமராவுக்குள் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருந்தால், நீங்கள் எடுக்கப்போகும் குவியத்தொலைவை அதில் நீங்களே பதிய வேண்டும். லென்ஸால் சொல்ல முடியாது. அந்த வசதி இல்லையென்றால் 200 மி.மீ.-இல் ஷட்டரை 1/320 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள்.

போச்சம்பள்ளியில் ஒரு ஞாயிறு

மறுவாரம் அவனைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு அழைத்துப்போனேன். புளி விற்கும் அம்மா ஒருவர் கொட்டை எடுத்த புளியைக் கையால் அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். அவன் பத்தடி தள்ளி, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து 210-இல் எடுக்கப் பார்த்தான். தடுத்தேன். நீளமான லென்ஸ் கையில் இருப்பது ஒளிந்து எடுப்பதற்கான உரிமச்சீட்டு அல்ல. “அம்மா, உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?” என்று கேட்டான். “எடு கண்ணு, போகும்போது புளி வாங்கிக்கொண்டு போ” என்றார். (வாங்கினோம். ஒரு கிலோ.)

கேட்டுவிட்டான். ஃபோகஸ்தான் நிற்கவில்லை. 200 மி.மீ.-இல், எஃப் 4-இல், 5 மீட்டர் தூரத்தில் இருப்பவரை ஏபிஎஸ்-சி சென்சாரில் எடுத்தால் கூர்மை நிற்கும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். அவர் முன்னால் குனிந்தால் முகம் அந்தப் பத்து சென்டிமீட்டரைத் தாண்டிப் போய்விடுகிறது. வளையத்தைத் திருகி முகத்தைத் துரத்தினான். துரத்தக் கூடாது. அவர் எங்கே திரும்பி வருவார் என்று பார்த்து, அந்த இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். புளியை அள்ளும் கை ஒவ்வொரு முறையும் தராசுத் தட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்? தட்டின் விளிம்பில் ஃபோகஸை வைத்தான். நாற்பத்தொரு படத்தில் ஆறு தேறின. ஒன்றில் விரலிடுக்கில் ஒட்டிய புளிநார் தெரிந்தது.

எருது விடும் விழாவிலும் இதே வழிதான். காளை ஓடிவரும் வேகத்துக்கு எந்த மனிதக் கையும் வளையத்தைத் திருக முடியாது. தடுப்புக்கு வெளியே பத்திரமாக நின்றுகொண்டு, சுமார் 15 மீட்டர் தூரத்தில் ஒரு கம்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜூமை 100-க்குத் தள்ளி, துளையை எஃப் 8 ஆக்கி, அந்தக் கம்பத்தில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இப்போது கூர்மை நிற்கும் ஆழம் 7 மீட்டருக்கு மேல். சந்தையில் பத்து சென்டிமீட்டர், இங்கே ஏழு மீட்டர், லென்ஸ் அதேதான். காளை கம்பத்தை நெருங்கும்போது வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் ஒன்றாவது விழும்.

டார்ச் வெளிச்சத்தில்

ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இணையத்தில் 35–105 ஒன்று, ‘சிறிய ஃபங்கஸ், படத்தைப் பாதிக்காது’ என்ற குறிப்போடு வந்தது. பார்சலைப் பிரித்ததும் மழைக்காலத்து அலமாரி வாடை அடித்தது. உள்ளே மூன்றாவது கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை. திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார் விற்றவர்.

அன்றிலிருந்து டார்ச் இல்லாமல் லென்ஸ் வாங்குவதில்லை. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, துளையை முழுக்கத் திறந்து, செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சற்றுச் சாய்வாக அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். தூசி நிறையத் தெரியும். பயப்பட வேண்டாம், எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும். வேர் பிரிந்ததுபோல நரம்பு நரம்பாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. வெகுநாள் இருந்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். துடைத்தாலும் தழும்பு போகாது. வாயால் ஊதியதுபோல ஒரே சீராக மங்கியிருந்தால் புகைமூட்டம். வெயிலில் படம் வெளுத்துவிடும். பிறகு துளை வளையத்தைத் திருப்புங்கள். உள்ளே இருக்கும் தகடுகள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். பளபளவென்று எண்ணெய் தெரிந்தால், மெதுவாக ஊர்ந்து மூடினால், விட்டுவிடுங்கள். எஃப்டி லென்ஸ் கழற்றிய நிலையில் மூடாது, அதைப் பழுது என்று எண்ணிவிட வேண்டாம். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் இருப்பது ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. பின் கண்ணாடியில் இருந்தால் செய்யும். விற்பவர்கள் பேரம் பேசும்போது முன்கீறலைத்தான் பெரிதாகக் காட்டி விலை குறைப்பதாகச் சொல்வார்கள். அந்தக் குறைந்த விலைக்கு மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக லென்ஸைத் தலைகீழாகப் பிடியுங்கள். இழுத்துத் தள்ளும் ஜூம்கள் பலவற்றில் வளையம் தானாகச் சரியும். உள்ளே இருக்கும் மெல்லிய பட்டை தேய்ந்திருக்கும். பெரிய குறையல்ல, கீரைக்கட்டில் வரும் ரப்பர் பேண்டை வளையத்தின் விளிம்பும் உடம்பும் சேரும் இடத்தில் போட்டால் நிற்கும். என்னுடையதில் இப்போதும் அதுதான் இருக்கிறது.

வாங்கியபின் தோல் உறையில் வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் ஐப்பசி மழையைத் தாண்டலாம். நீல மணிகள் வெளிர்சிவப்பானால் வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கி நீலமாக்கிக்கொள்ளலாம். அந்த வாணலி பிறகு சமையலுக்கு வேண்டாம். ஏப்ரல் வெயிலில் நிறுத்திய காருக்குள் லென்ஸை விட்டுவிட்டுப் போனால் கிரீஸ் இளகித் துளைத் தகடுகளில் ஏறிவிடும்.

போன மாதம் மருமகன் லென்ஸை வாங்கிக்கொண்டு நண்பர்களோடு ஒகேனக்கல் போனான். மாலையில் ஒரு பரிசல் படம் அனுப்பினான். தண்ணீரில் பட்டுத் திரும்பிய வெயில் படம் முழுக்கப் பால் தெளித்ததுபோல வெளுத்திருந்தது. லென்ஸின் முகத்துக்கு ஒரு மறைப்பு வேண்டும், கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி முன்னால் ஒட்டு என்று பதில் போட்டேன். மறுநாள் காலையில் இன்னொரு பரிசல் வந்தது. துடுப்பு கறுப்பாக இருந்தது, தண்ணீரில் நிழல் இருந்தது. நான்கு மூலையிலும் சார்ட் பேப்பரின் விளிம்பும் இருந்தது. 70-க்குத் தள்ளும்போது அரை அங்குலம் வெட்டிக்கொள்ளச் சொன்னேன்.